சட்டம் மாறும் தேதியும் நிறுவனம் மாறும் தேதியும்

கோயம்புத்தூர் அருகே பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்சாலை ஒன்றை நடத்துபவரின் கேள்வி இது. அவரிடம் நேரடித் தொழிலாளர்கள் 31 பேரும், ஒப்பந்ததாரர் மூலம் வருபவர்கள் 15 பேரும் இருக்கிறார்கள். மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, சம்பளக் கணக்கையே மாற்ற வேண்டும் என்கிறார் ஓர் ஆலோசகர். தமிழ்நாட்டு விதிகள் வரும்வரை பழையபடியே நடக்கலாம் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதை ஏற்பது, மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளர் சட்டங்களைத் தனியாக ஒரு சட்டப் பிரிவு வைத்துக்கொள்ள முடியாத முதலாளி எப்படித்தான் பின்தொடர்வது என்று அவர் கேட்கிறார்.

சம்பளப் பட்டியல், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), தொழிலாளர் துறை விசாரணைகள் என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதே வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டு ஆலோசகர்களும் பாதி சரி, பாதி தவறு. அது ஏன் என்று புரிந்துகொண்டால், அடுத்த மாற்றம் வரும்போது யாரையும் கேட்காமலேயே பெரும்பகுதியை நீங்களே தீர்மானித்துவிடலாம்.

முதலில் ஒரு சட்டம் எப்போது மாறுகிறது என்பதைப் பார்ப்போம். செய்தித்தாளில் தலைப்பு வரும் நாளும் சட்டம் மாறும் நாளும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. மசோதா அறிமுகமாவது ஒரு நாள், அவையில் நிறைவேறுவது ஒரு நாள், ஒப்புதல் கிடைத்து அரசிதழில் வெளியாவது ஒரு நாள், ‘இந்தத் தேதி முதல் நடைமுறைக்கு வரும்’ என்று அரசு தனியாக அறிவிக்கை செய்வது வேறொரு நாள். விதிகள் வரைவாக வெளிவந்து ஆட்சேபங்கள் கேட்கப்பட்டு இறுதியாவது அதற்கும் பின்னால் நடக்கும். ஊதியச் சட்டத் தொகுப்புக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது 2019 ஆகஸ்ட் 8 அன்று. தொழில் உறவுகள், சமூகப் பாதுகாப்பு, பணிப் பாதுகாப்பு ஆகிய மற்ற மூன்று தொகுப்புகளுக்கும் 2020 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் நான்கும் சேர்ந்து நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்றுதான். இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளில், அடுத்த ஏப்ரல் முதல் கைக்கு வரும் சம்பளம் குறையும், ஜூலை முதல் வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை என்று எத்தனை முறை படித்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூலை 1 என்று ஒரு தேதியே பரவி, அதை நம்பிச் சம்பள அமைப்பை மாற்றிய நிறுவனங்களும் உண்டு. அவர்களுக்குத் தேவையற்ற குழப்பம் மட்டுமே மிஞ்சியது.

இதற்கு நேரெதிரான உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. வேலை நேரத்தை நெகிழ்வாக்கி, ஒரு நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பின் ஏப்ரல் 24 அன்று நிறுத்திவைக்கப்பட்டது, மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாளுக்குள் ‘இனி பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்’ என்று மேற்பார்வையாளர்களிடம் சொல்லிவிட்ட ஓர் ஆலையை நான் அறிவேன். சட்டமே ஆகாத ஒன்றுக்காகத் தொழிலாளர்களிடம் இழந்த நம்பிக்கையை மீட்க அவர்களுக்குப் பல மாதங்கள் ஆயின.

பின்தேதியிட்டு வரும் மாற்றங்களும் உண்டு. போனஸ் சட்டத்தில் தகுதிக்கான சம்பள வரம்பை 10,000 ரூபாயிலிருந்து 21,000 ஆகவும், கணக்கிடும் வரம்பை 3,500லிருந்து 7,000 ஆகவும் உயர்த்திய திருத்தம் 2016 ஜனவரி 1 அன்று அரசிதழில் வெளியானது. ஆனால் அது 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் என்று சட்டமே சொன்னது. 2014-15ஆம் ஆண்டுக்கான போனஸை ஏற்கெனவே கொடுத்து, கணக்கு முடித்து, தணிக்கையும் செய்துவிட்ட நிறுவனங்கள் திகைத்தன. கேரளம், கர்நாடகம் உள்ளிட்ட சில மாநில உயர் நீதிமன்றங்கள் பின்தேதிப் பகுதிக்கு இடைக்காலத் தடை விதித்தன. ஆகவே ஒரு மாற்றத்தைப் படிக்கும்போது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, ‘என்ன மாறியது’ என்பதைவிட, ‘எந்தத் தேதியிலிருந்து’ என்பதுதான். ஓர் ஆலோசகர் உங்களிடம் ஏதாவது மாறிவிட்டது என்று சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தத் தேதியிட்ட அறிவிக்கை என்று எழுத்தில் கேளுங்கள். வேலை தெரிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்போது உங்கள் இரண்டு ஆலோசகர்களுக்கு வருவோம். பழைய 29 மத்திய சட்டங்கள் நீக்கப்பட்டு நான்கு தொகுப்புகள் வந்துவிட்டன. தனியார் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ‘உரிய அரசு’ என்பது மாநில அரசு. எனவே நடைமுறை விதிகளை வகுக்க வேண்டியது தமிழ்நாடு அரசு. மாநில விதிகள் இறுதியாகவில்லை என்றால் தொகுப்பே உறங்குகிறது என்று பொருளாகாது. தொகுப்பின் பிரிவுகளை இரண்டு வகையாகப் பிரித்துப் படிக்க வேண்டும். சில பிரிவுகள் தம்மளவிலேயே முழுமையானவை. அவை எந்த விதிக்கும் காத்திருப்பதில்லை. வேறு சில, ‘விதிகளில் குறிப்பிடப்படும் முறையில்’, ‘விதிக்கப்படும் படிவத்தில்’ என்ற சொற்களோடு வருகின்றன. அவற்றின் முறையும் படிவமும் விதி வந்தால்தான் தெரியும். அதுவரை பழைய சட்டங்களின் கீழ் வெளியான விதிகளும் அறிவிக்கைகளும், புதிய தொகுப்புக்கு முரண்படாத அளவில், தொடர்ந்து நடப்பில் இருக்கும் என்று தொகுப்புகளிலேயே பாதுகாப்புப் பிரிவுகள் உள்ளன. தமிழ்நாடு அரசு அறிவித்துள்ள குறைந்தபட்ச ஊதிய விகிதங்கள் நவம்பர் 21க்குப் பிறகும் செல்லுபடியாவது இந்த அடிப்படையில்தான்.

இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் பல குழப்பங்கள் தாமாகவே தெளியும். வேலையை விட்டுப் போகிறவருக்கோ, நீக்கப்படுபவருக்கோ சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாள்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஊதியத் தொகுப்பின் 17ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு எந்த விதியும் தேவையில்லை. ‘அடுத்த மாதச் சம்பளத் தேதிக்கு வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பும் பழக்கம் நம் பகுதியில் மிகவும் பரவலானது. அது நவம்பர் 21 அன்றோடு முடிந்துவிட்டது. ஊதியக் கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம் என்பதும், கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலையளிப்பவருடையது என்பதும் அதே வகை. முன்பு குறைந்தபட்ச ஊதியக் கோரிக்கைக்கு ஆறு மாதமும், ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தின் கீழ் ஓராண்டும்தான் காலவரம்பு இருந்தது. எனவே வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், மிகுநேரப் பணிக் கணக்கு, வங்கிப் பரிமாற்றச் சான்று ஆகியவற்றை எவ்வளவு காலம் பத்திரப்படுத்த வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் அந்த மூன்றாண்டு வரம்பிலேயே இருக்கிறது.

இடைப்பட்ட வகையும் உண்டு. பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 6ஆம் பிரிவு, வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்கிறது. ஏற்கெனவே பணியில் இருந்து கடிதம் பெறாதவர்களுக்குத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்கிறது. படிவம் எப்படி இருக்க வேண்டும் என்பது விதிக்கு உரியது. ஆனால் கடிதம் தர வேண்டும் என்ற கடமை பிரிவிலேயே நிற்கிறது. படிவம் வரவில்லை என்று காரணம் காட்டி, பதினைந்து வருடமாக லேத்தில் நிற்கும் ஒருவருக்குக் கடிதமே இல்லாமல் வைத்திருப்பதைச் சட்டமும் ஏற்காது, நியாயமும் ஏற்காது. பெயர், பதவி, சேர்ந்த தேதி, ஊதிய விவரம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள், வேலையின் தன்மை ஆகியவற்றோடு இப்போதே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். படிவம் வந்தபின் தேவையானால் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் முதல் ஆலோசகர் சம்பளக் கணக்கை மாற்றச் சொன்னது ‘ஊதியம்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள புதிய வரையறையால்தான். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவரை பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி ஆகியவை ஊதியம். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, போனஸ், மிகுநேரப் பணிக்கான தொகை, கமிஷன், வேலையளிப்பவரின் பி.எஃப். பங்கு முதலியவை விலக்கப்பட்டவை. ஆனால் விலக்கப்பட்டவற்றின் கூட்டுத்தொகை, அவருக்குக் கொடுக்கும் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்த்துக் கொள்ளப்படும். ஒருவருக்கு மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் அகவிலைப்படியும் 12,000, வீட்டு வாடகைப்படி 10,000, போக்குவரத்துப்படி 8,000. விலக்கப்பட்டவை 18,000, பாதி என்பது 15,000, மிகையான 3,000 ஊதியத்தில் சேர, அவருடைய ஊதியம் 15,000 ஆகிறது. அவர் பத்து ஆண்டுப் பணிக்குப் பின் விலகினால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம், மாதத்துக்கு இருபத்தாறு நாள் என்ற கணக்கில், முன்பு கிராஜுவிட்டி (பணிக்கொடை) சுமார் 69,231 ரூபாய்; இப்போது சுமார் 86,538 ரூபாய். வித்தியாசம் ஒருவருக்கே பதினேழாயிரத்துக்கு மேல். கிராஜுவிட்டிக்கு நிதி ஒதுக்காமல் நடத்தும் சிறு நிறுவனங்கள் இந்தக் கணக்கை இன்றே ஒவ்வொருவருக்கும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இதிலிருந்து ‘எல்லோருடைய கைச்சம்பளமும் குறையும்’ என்று எடுத்துக்கொள்வது தவறு. பி.எஃப். சந்தாவுக்கான சட்டபூர்வ ஊதிய உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். அந்த வரம்புக்கு ஏற்கெனவே பிடித்தம் செய்து செலுத்திவருபவர்களுக்கு, ஊதியம் என்பதன் அளவு கூடினாலும் பிடித்தம் கூட வேண்டிய கட்டாயம் இல்லை. உண்மையில் குறைந்த அடிப்படையைக் காட்டிப் பி.எஃப்.பை மிச்சப்படுத்திய நிறுவனங்களுக்குத்தான் மாற்றம் பெரிதாகத் தெரியும். அவர்களுக்கும் எச்சரிக்கை புதிதல்ல. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்கப்படும் படிகள் அடிப்படை ஊதியத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் விவேகானந்த வித்யாமந்திர் வழக்கில் 2019 பிப்ரவரி 28 அன்றே சொல்லிவிட்டது. இதையும் கவனியுங்கள்: பல தீர்ப்புகள் சட்டப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் உங்கள் கடமையை மாற்றிவிடுகின்றன. அரசிதழை மட்டும் பார்ப்பவர் இவற்றைத் தவறவிடுவார்.

இவ்வளவும் சட்டம் மாறுவதைப் பற்றி. என் அனுபவத்தில், சிறு நிறுவனங்கள் மாட்டிக்கொள்வது சட்டம் மாறியதால் குறைவு. நிறுவனம் மாறியதைக் கவனிக்காததால்தான் அதிகம். தொழிலாளர் சட்டங்கள் எண்களால் ஆனவை. பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ. வருகிறது, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி உள்ளகக் குழு அமைக்கும் கடமையும் வருகிறது. இருபதில் பி.எஃப்.; இப்போது தொழில் உறவுகள் தொகுப்பின்படி குறைதீர்ப்புக் குழுவும் இருபது தொழிலாளர் இருந்தால் வேண்டும், அதில் இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். ஐம்பதில் குழந்தைகள் காப்பகம். மின்சக்தியோடு இயங்கும் இடம் ‘தொழிற்சாலை’ ஆவதற்கான எண்ணிக்கை பழைய சட்டத்தில் பத்து, புதிய தொகுப்பில் இருபது. நிலையாணைகளுக்கு (நிறுவனத்தின் வேலை நிபந்தனைகளை எழுத்தில் வைக்கும் விதிகளுக்கு) 300. ஆனால் ஆள் எண்ணிக்கை அமைதியாக வளர்கிறது. ஒரு புது ஆர்டர், ஒரு இரண்டாவது ஷிஃப்ட், பொங்கலுக்குப் பின் ஊரிலிருந்து திரும்பாதவர்களுக்குப் பதில் வந்த ஆறு பேர் என்று.

பல ஆண்டுகளுக்கு முன் நான் கணக்குப் பார்க்கச் சென்ற ஓர் ஆலையில், பட்டியலில் எப்போதும் 19 பேர்தான் இருப்பார்கள். பி.எஃப். வரக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள் என்பதை அவர்களே ஒளிக்கவில்லை. சுமை ஏற்றி இறக்கும் நான்கு பேரை ஒப்பந்ததாரர் அனுப்பியிருந்தார். அவர்கள் ‘நம் ஆள் இல்லை’ என்பது உரிமையாளரின் எண்ணம். ஒப்பந்ததாரர் வழியாக நிறுவனத்தின் வேலையைச் செய்பவரும் ஊழியர் என்ற வரையறைக்குள் வருவார் என்பதால் எண்ணிக்கை 23. பொறுப்பு அந்த நான்கு பேர் வந்த முதல் மாதத்திலிருந்து கணக்கிடப்பட்டது. தொழிலாளி பங்கு, நிறுவனப் பங்கு இரண்டும், வட்டியும், தாமதத்துக்கான சேதத் தொகையும் சேர்ந்து, மிச்சப்படுத்த நினைத்ததைவிடப் பல மடங்கு கொடுக்க நேர்ந்தது. அதைவிட என்னை வருத்தியது வேறு. அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவர் அதற்கு முந்தைய ஆண்டு இறந்திருந்தார். சந்தா கட்டப்பட்டிருந்தால் அவருடைய மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியமும் வைப்புடன் இணைந்த காப்பீட்டுத் தொகையும் கிடைத்திருக்கும். சட்டத்தைப் பின்தொடர்வது என்பதை அபராதத்திலிருந்து தப்பும் வழியாக மட்டும் பார்க்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எண்ணிக்கை போலவே நாள்களும் ஓசையில்லாமல் ஓடுகின்றன. புதிய தொகுப்பில் ஓராண்டில் 180 நாள் வேலை செய்தாலே ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்புக்குத் தகுதி வருகிறது. முன்பு 240 நாள். குறித்த கால ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உரிமை உண்டு. முன்போல ஐந்தாண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மகப்பேறு விடுப்புக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் பணி போதும். தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அது பொருந்தும் தொழில் நிறுவனங்களில் 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து பணியாற்றியவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. நீக்கப்பட்ட 29 சட்டங்களும் மத்திய சட்டங்கள். இந்த 1981ஆம் ஆண்டுச் சட்டமும், தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகளுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் தொழிலாளர் நல நிதிச் சட்டமும், கடைகளுக்கும் நிறுவனங்களுக்குமான 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பட்டியலில் இல்லை. ‘நான்கு தொகுப்பு வந்துவிட்டது, மற்றதெல்லாம் போய்விட்டது’ என்று சொல்பவர் மாநிலச் சட்டங்களை மறந்துவிட்டுப் பேசுகிறார். கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் மாநிலம் கொண்டுவந்த திருத்தம் அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் செய்யப்பட்டது. ஜவுளிக் கடைகளில் நாள் முழுதும் நின்றே இருந்த பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்!

இனி, நடைமுறையில் எப்படிப் பின்தொடர்வது என்பதற்கு வருகிறேன். ஒரு பெரிய அட்டவணையும் பத்து செயலிகளும் தேவையில்லை. மாதத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். நான் 16ஆம் தேதியைச் சொல்வேன், பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான்கள் 15ஆம் தேதிக்குள் கட்டி முடித்திருக்கும், ஆள் எண்ணிக்கையும் ஊதியமும் கையில் புதிதாக இருக்கும். அன்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இந்திய அரசிதழின் இணையத்தளம், தமிழ்நாடு அரசிதழ், மாநிலத் தொழிலாளர் துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், பி.எஃப். மற்றும் இ.எஸ்.ஐ. நிறுவனங்களின் சுற்றறிக்கைப் பக்கங்கள் ஆகியவற்றை நீங்களோ உங்கள் அலுவலகத்தில் ஒருவரோ பாருங்கள். பார்த்ததை ஒரு நோட்டில், தேதி, அறிவிக்கை எண், நமக்குப் பொருந்துமா, எதை மாற்ற வேண்டும் என்று நான்கே விவரங்களில் எழுதுங்கள். பொருந்தாது என்று முடிவு செய்தால் ஏன் பொருந்தாது என்று எழுதுவது மிகவும் முக்கியம். நாளை எண்ணிக்கை கூடியதும் நீங்கள் முதலில் திறக்க வேண்டிய பக்கம் அதுதான்.

அதே நாளில் இன்னொரு பக்கத்தில் நிறுவனத்தின் நிலையை எழுதுங்கள்: நேரடி ஆள் எத்தனை, ஒப்பந்த ஆள் எத்தனை, பெண்கள் எத்தனை, இந்த மாதம் 180 நாளைத் தொட்டவர் யார், ஓராண்டைத் தொட்டவர் யார், இ.எஸ்.ஐ.யின் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியவர் யார். (பங்களிப்புக் காலத்தின், அதாவது சந்தா கணக்கிடும் அரையாண்டின், நடுவில் வரம்பைத் தாண்டியவருக்கு அந்தக் காலம் முடியும்வரை சந்தா தொடர வேண்டும் என்பதைப் பலர் மறந்து உடனே நிறுத்திவிடுகிறார்கள், இதனால் தொழிலாளி சிகிச்சைக்குப் போகும்போது சிக்கலாகிறது.) முதல் பக்கம் சட்டத்தின் மாற்றம், இரண்டாம் பக்கம் உங்கள் மாற்றம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் நான் சொல்லும் முறையின் முழு உள்ளடக்கமும்.

ஆண்டில் சில தேதிகள் நிலையானவை. குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி தமிழ்நாட்டில் ஏப்ரல் 1 முதல் மாறும். ஏப்ரல் சம்பளம் போடுவதற்குள் புதிய விகிதத்தைத் தேடி எடுத்துவிட வேண்டும். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போகும். போனஸை நாம் தீபாவளிக்குக் கொடுத்துவிடுகிறோம்; சட்டம் தரும் அவகாசம் கணக்காண்டு முடிந்து எட்டு மாதம்.

சம்பள மென்பொருளை நம்புபவர்களுக்கு ஒரு சொல். இ.எஸ்.ஐ. விகிதம் 2019 ஜூலை 1 முதல் குறைந்தது. தொழிலாளி பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகவும், வேலையளிப்பவர் பங்கு 4.75லிருந்து 3.25 ஆகவும் ஆனது. நான் அந்த ஆண்டு செப்டம்பரில் சென்ற ஒரு நிறுவனத்தில் சம்பள மென்பொருள் இன்னும் 1.75 என்றே பிடித்துக்கொண்டிருந்தது. இ.எஸ்.ஐ. தளம் தானாகவே புதிய விகிதத்தில் சலான் போட்டதால் செலுத்தியது சரியாக இருந்தது. பிடித்தது மட்டும் அதிகம். 15,000 ரூபாய் வாங்கும் ஒருவரிடம் மாதம் 150 ரூபாய், யாருக்கும் தெரியாமல், நிறுவனத்தின் கணக்கில் தங்கிக்கொண்டிருந்தது. யாரும் திருட நினைக்கவில்லை. ஆனால் தொழிலாளி அதைக் கண்டுபிடித்திருந்தால் வேறு என்ன பெயர் சொல்லியிருப்பார்? அவர்கள் அந்த மாதமே அறிவிப்புப் பலகையில் விளக்கம் ஒட்டி, ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுத்தார்கள். விகிதம் மாறிய முதல் மாதத்தில் குறைந்தது மூன்று பேருடைய சம்பளத்தையாவது கையால் கணக்குப் போட்டுச் சரிபாருங்கள்.

ஆலோசகரை வைத்துக்கொள்ளுங்கள்; வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாதச் சலான் போடுபவரும் சட்ட ஆலோசனை சொல்பவரும் எப்போதும் ஒருவராக இருக்க முடியாது. உங்கள் பகுதித் தொழில் அமைப்புகள், உதாரணமாகக் கொடிசியா போன்ற சங்கங்கள், உறுப்பினர்களுக்கு நடத்தும் கூட்டங்களுக்குப் போவது பயனுள்ளது. உங்களைப் போன்றே முப்பது நாற்பது பேரை வைத்து நடத்துபவர்கள் எதைச் செய்தார்கள், ஆய்வாளர் எதைக் கேட்டார் என்பது அங்கேதான் தெரியும். ஆய்வாளரை எதிரியாக நினைக்கும் பழக்கத்தையும் சற்று மாற்றிக்கொள்ளலாம். புதிய ஊதியத் தொகுப்பில் அவருடைய பெயரே ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர் என்றாகியிருக்கிறது. முதல் முறை குறை கண்டால் வழக்குக்கு முன் சரிசெய்ய எழுத்தில் அவகாசம் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதே தவறு ஐந்தாண்டுக்குள் மீண்டும் நடந்தால் அந்த அவகாசம் கிடையாது.

கடைசியாக, உங்கள் தொழிற்சாலைக்கே திரும்புகிறேன். நேரடியாக 31 பேர் என்பதால் குறைதீர்ப்புக் குழுவும் உள்ளகக் குழுவும் உங்களுக்குக் கட்டாயம். இரண்டும் வெவ்வேறு குழுக்கள், ஒன்றை அமைத்து இரண்டுக்கும் கணக்குக் காட்ட முடியாது. மொத்தம் 46 பேர். இன்னும் நான்கு பேர் சேர்ந்தால் குழந்தைகள் காப்பகம் பற்றி யோசிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். இடம் இல்லை என்றால் பக்கத்து ஆலைகளோடு சேர்ந்து பொதுவாக அமைக்க வழி இருக்கிறதா என்று அண்டை நிறுவனங்களிடம் இப்போதே பேசுங்கள். அந்தப் பதினைந்து பேரைப் பொறுத்தவரை, ஒப்பந்ததாரர் ஊதியம் தராமல் போனால், வேலை நடக்கும் நிறுவனத்தின் உரிமையாளர் என்ற முறையில் நீங்களே தர வேண்டும் என்று ஊதியத் தொகுப்பின் 43ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ஒப்பந்ததாரரின் பில்லைப் பட்டுவாடா செய்யும் முன், அந்த மாதம் அவர் ஒவ்வொருவருக்கும் வங்கியில் செலுத்தியதற்கான சான்றையும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலானில் அந்தப் பதினைந்து பெயர்களும் இருப்பதையும் பாருங்கள். அவர்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் இருந்தால், அறிவிப்புப் பலகையில் தமிழோடு அவர்களுடைய மொழியிலும் ஊதிய விகிதத்தையும், சம்பளத் தேதியையும், புகார் சொல்ல வேண்டியவரின் பெயரையும் எழுதி ஒட்டச் செய்யுங்கள்.